நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நீல மெழுகு

வெர்னா திபோ யாரையும் நம்பமாட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. பெண்களுக்குப் பந்தயமே இல்லாத நாளில் ‘வி. திபோ’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து, ஆண்களோடு பனிச்சறுக்கு ஓடியவள். குல்லாயைக் கழற்றியதும் பெயரை அடித்துவிடுவார்கள். வெர்மான்ட் மலையில் பன்னிரண்டு வருஷம் இதே கதை. கோடையில் பயிற்சிக்கென்று வெறும் சாலையில் கழி ஊன்றி மேடேறுவாள். “புருஷன் துரத்துறானா?” என்று பால்பண்ணைக்காரர்கள் விசாரிப்பார்கள்.

இப்போது முப்பத்திரண்டு வயதில், நாட்டின் முதல் பெண்கள் அணிக்குத் தேர்வு. நாலே இடம். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பில்லை.

பந்தயக் காலையில் மெழுகு பூசும் கொட்டகையில், சறுக்குக் கட்டையின் அடிப்பக்கத்தை யாரும் அடுத்தவருக்குக் காட்டமாட்டார்கள். ஏற்றத்தில் வழுக்காமல் பிடிக்க, பனி இறுகியிருந்தால் நீல மெழுகு, இளகினால் பசை மாதிரியான மெழுகு. மாறினால் தொலைந்தோம்.

மினசோட்டாவிலிருந்து வந்த ஆர்டிஸ், பத்தொன்பது வயசுக்காரி, தானாக வந்தாள்.

“அக்கா, நீங்க பசை பூசுங்க. வெயில் வரப்போவுது.”

வெர்னா எட்டிப் பார்த்தாள். ஆர்டிஸின் கட்டையில் பளிச்சென்று நீலம்!

“பாத்தியா?” என்று புருஷன் ஆரினின் காதைக் கடித்தாள். “தனக்கு நீலம், எனக்குப் பசையாம்.”

“அவ எதுக்குடி உனக்கு நல்லது சொல்லணும்?” என்று ஆரினும் எண்ணெய் ஊற்றினான்.

வெர்னா நீலமே பூசினாள்.

அரை நிமிஷத்துக்கு ஒருத்தியாக விட்டார்கள். ஆர்டிஸ் மூன்றாவது. வெர்னா நாற்பத்தொன்று. இடையில் பத்தொன்பது நிமிஷம். அதற்குள் வெயில் முகட்டைத் தாண்டி ஏற்றமெல்லாம் நசநசத்துவிட்டது. இரண்டடி ஏறினால் ஓரடி வழுக்கியது. மூன்றாம் எண்ணுக்கு நீலம்தான் சரி, நாற்பத்தொன்றுக்குப் பசைதான் சரி. பன்னிரண்டு வருஷம் ஓடியவளுக்கு அது பாதி மேட்டில்தான் உறைத்தது.

ஐந்தாவதாக வந்தாள்.

கட்டைகளைக் கழற்றிப் பனியில் வீசினாள். ஆர்டிஸ் ஓடி வந்தாள். அவளுக்கு இரண்டாவது இடம்.

“என்னாச்சுக்கா? பசை பூசலையா?”

“பூசினேன். ஒண்ணும் பிடிக்கல. நீயும் உன் யோசனையும்!”

கட்டைகள் மல்லாந்து கிடந்தன, அடிப்பக்கம் பூராவும் நீலமாக. அணிப் பயிற்சியாளர் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அவர் பார்க்குமுன் ஆர்டிஸ் குனிந்து இரண்டையும் குப்புறத் திருப்பினாள்.

“ஏய்,” என்றாள் வெர்னா. “என் கட்டையை எதுக்குத் தொடுற?”