சொந்த மாளிகையில் கம்பளிச் செருப்பு

ஓட்டகர் கோபத்தில் விருட்டென்று திரும்பினான். கால் திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. ஷூவுக்கு மேல் மாட்டியிருந்த கம்பளிச் செருப்பு, மெழுகு போட்ட மரத்தரையில் அவனை இழுத்துக்கொண்டு போனது. கூடத்தின் கோடியில் முந்நூறு வருஷமாக நின்றிருந்த சுதை தேவதையைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றான். ஒரு சிறகு கையோடு வந்துவிட்டது. அவனிடமிருந்து தப்பிப் பறக்கவும் இனி அதற்கு வழியில்லை.

"எடுத்தாச்சா? இன்னொன்னையும் எடுத்துக்க, ஜோடியா இருக்கும்" என்றாள் அக்கா ஹெட்விகா.

அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட குடும்ப மாளிகை திரும்பக் கிடைத்ததும் கூரை ஒழுகல்களோடு மல்லுக்கட்டி இங்கேயே இருந்துவிட்டவள் அவள். அவன் பிராகுக்குப் போய் வானொலியில் நகைச்சுவை பேசிப் பிழைத்தான்.

பிப்ரவரியில் அம்மா இறந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பை யாரோ படமெடுத்து அனுப்பித்தான் அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. அறிவிப்பில் 'துயருறும் மகன் ஓட்டகர்' என்று போட்டிருந்தது. துயருறுகிறவனுக்கு மட்டும் தகவல் இல்லை.

"ஏங்க்கா எனக்குச் சொல்லல?"

"அன்னிக்கு ஒரே பனி. ரோடெல்லாம் அடைச்சுக் கெடந்துச்சு."

"வழுக்கிக்கிட்டே வந்திருப்பேன். இப்பத்தான் பாத்தியே!"

"பாதிரியார் அவசரப்படுத்தினாரு."

"அம்மா எங்கயாவது ஓடிடப் போறாங்களா? என்ன அவசரம்?"

"காபி போடறேன். கசகசா ரொட்டி இருக்கு..."

"ரொட்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!" சித்திரக் கூரை அதை அப்படியே திருப்பிச் சொன்னது. "வீட்டு ஆளுங்க இந்தத் தரையில காலுறையோட நடப்போம். கம்பளிச் செருப்பு, தரை கீறாம இருக்க, சுத்திப்பாக்க வர்றவங்களுக்கு. வாசல்லயே எனக்கு அதை நீட்டுனியே, நான் யாரு இங்க?"

செருப்பை உதறினான். ஷூக்களையும் கழற்றி ஜன்னலோரம் வீசினான். காலுறையோடு நிமிர்ந்து நின்றான். வலது காலுறையின் ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

ஹெட்விகாவின் பார்வை அங்கே போனது. உதட்டோரம் துடித்தது. சட்டென்று முகம் சிவந்தது.

"பாத்தியா? இதான்டா! சண்டைக்கு நடுவுலகூட சிரிக்க வச்சிடறே. அப்பா சவப்பெட்டிகிட்ட நின்னு ஜோக் சொன்னே. ஊரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். இன்னிவரைக்கும் அப்பாவுக்காக நான் அழுததில்ல. அம்மாவுக்காவது அழணும்னு இருந்துச்சு. அதான் உன்னைக் கூப்பிடல."