சாட்சிக்கு வந்த வினை

பூட்டுக்கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அவர் ‘சாட்சி’தான். வாடகை ஒப்பந்தமா, பழைய வண்டி விற்பனையா, வீட்டுக்குத் தெரியாமல் நடக்கும் பதிவுத் திருமணமா, எதுவானாலும் காகிதத்தின் அடியில் சாட்சிக்கு ஓர் இடம் காலியாக இருந்தால் ஆள் நேரே கடைக்கு வந்துவிடும். அவரும் பாதி திறந்த பூட்டை அப்படியே போட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அதுவும் சாமானியக் கையெழுத்தா? மூன்று சுழி, ஒரு நீண்ட வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. போட்டபின் காகிதத்தை எட்டப் பிடித்து அழகு பார்ப்பார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டார். படித்துவிட்டுப் போட்டால் கேட்டவர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம். நல்ல கொள்கைதான், போங்கள்.

கடை இருப்பது அத்தை வீட்டு முன்னறையில். பின்கட்டில் அத்தை, இவர், இவர் பெண்டாட்டி. அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. அப்பா போனபிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அத்தைக்கு ஒரு தம்பி உண்டு, இவருக்குச் சித்தப்பா. அவர் வரும்போதெல்லாம் சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். இடித்துவிட்டு நாலு மாடி கட்டலாம் என்பார். டீயைக் குடித்துவிட்டுப் போவார். அத்தை எதுவும் எழுதி வைக்காமல் கண்ணை மூடினால் சித்தப்பா பங்கு கேட்டு நிற்பார், வீடு விலைக்குப் போகும், கடையும் குடித்தனமும் தெருவுக்கு வரும். அதனால் ஒருநாள் அத்தை தானாகவே வக்கீலிடம் போய் உயில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தபோது, சாட்சியின் பெண்டாட்டி அடுப்படியில் நின்று நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

வக்கீல் அலுவலகத்திலேயே கையெழுத்தை முடித்திருக்கலாம். அத்தைக்கு அந்த ஆளின் பேச்சு பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் மூட மாட்டேன் என்கிறாராம். ஆகவே வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தபால்காரரை அழைத்தாள், கடையிலிருந்து இவரையும் கூப்பிட்டாள். உயிலின் மேல்பகுதியை ஒரு துண்டால் மூடி, கீழே ஒரு விரற்கடை இடத்தை மட்டும் காட்டினாள். தான் கையெழுத்துப் போட்டு, தபால்காரரைப் போடச் சொல்லி, கடைசியில் இவர் பக்கம் தள்ளினாள். போட்டார். வீட்டுக் காரியமல்லவா, அன்றைக்கு வால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனுஷன் கையால் கெட்டார்.

கெட்ட சேதி அடுத்த வாரம் தெரிந்தது. வக்கீலின் இரும்பு அலமாரி திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இவர் கம்பியை உள்ளே விட்டு நெம்பிக்கொண்டிருக்க, வக்கீல் தன் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

“சொத்து வாங்கப்போறவனே உயில்ல சாட்சியும் போட்டா, அவனுக்கு எழுதினது செல்லாதுய்யா. அவன் பெண்டாட்டிக்கு எழுதியிருந்தாலும் செல்லாது. சொன்னா யாரு கேக்கறீங்க?”

கம்பி கையிலிருந்து நழுவி அலமாரிக்குள் விழுந்தது. அதை எடுப்பதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. வந்தவர் போனதும், அத்தை வீட்டை யாருக்கு எழுதியிருக்கிறாள் என்று வக்கீலிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அத்தை இருக்கும்வரை தன் வாயிலிருந்து அது வராது என்று அவர் கையை விரித்துவிட்டார். தானே சாட்சி போட்ட கதையைச் சொல்லி யோசனை கேட்டிருக்கலாம். வெட்கம் தடுத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் அதை ஊரைக் கூட்டியா சொல்வான்?

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். நேராக அத்தையிடம் கேட்டுவிடுங்கள் என்றாள் அவள். கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பார்களே என்றார் இவர்.

“கேக்காட்டி முட்டாள்னு நெனப்பாங்க. அதுவாவது புதுசு இல்ல.”

அவர் சுற்றி வளைத்துப் பார்த்தார். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது, வேறு காகிதத்தில் வேறு ஆளை வைத்துப் போடலாமே என்றார். சாய்ந்தால் என்ன, சட்டம் போட்டு மாட்டவா போகிறோம் என்றாள் அத்தை. பேனா மை சீக்கிரம் மங்கிவிடும் என்றார். அத்தை உயிலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஊர்க் காகிதத்துக்கெல்லாம் ஓடி ஓடிப் போட்டவன் இதிலிருந்து மட்டும் கழன்றுகொள்ளப் பார்க்கிறானே, சித்தப்பனோடு சேர்ந்து ஏதாவது செய்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தபால்காரர் மூலம் அது இவர் காதுக்கும் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் கேட்டே விட்டார்.

“அத்தை, வீட்டை எனக்கா எழுதியிருக்கீங்க?”

அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்கு எழுதியிருந்தா உன்னையே சாட்சி போடச் சொல்வேனா? வாங்கறவன் போடக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. எனக்குத் தெரியாதா?”

அவருக்கு வீடு போனதைவிட, அத்தை மனதில் தான் இல்லை என்பது வலித்தது. சோற்றில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“மூஞ்சியைத் தொங்கப் போடாதடா. உன் பேர்ல எழுதினா நாளைக்கே எவனாவது ஒரு காகிதத்தை நீட்டுவான். நீயும் படிக்காம போட்டுக் கொடுத்துட்டு வந்து நிப்ப. இவ வெங்காயத்தையே ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாத்துதான் வாங்குவா. அதான் இவளுக்கு எழுதிட்டேன்.”

கல்யாணமான நாள் முதல் அத்தையோடு உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கா என்று கேட்டாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அத்தை அவள் தலையில் கையை வைத்து, சும்மா இரு என்று அதட்டினாள்.

சாட்சிக்கும் மனம் குளிர்ந்துபோயிற்று. ஒரு கணம்தான். வக்கீல் சொன்னதன் பின்பாதி ஞாபகம் வந்ததும் குளிர்ந்தது அப்படியே கொதித்தது. இத்தனை சந்தோஷமாக இருக்கிற இரண்டு பேரிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் சித்தப்பா சுவரைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவாரே.

“அத்தை, சாட்சி போட்டவனோட பெண்டாட்டிக்கும் செல்லாதாம்.”

வக்கீல் அதைச் சொல்லவில்லையா என்று பெண்டாட்டி கேட்டாள். சொல்லியிருப்பார், முதல் வாக்கியத்திலேயே தான் எழுந்து வந்துவிட்டதாக அத்தை ஒப்புக்கொண்டாள். பிறகு உள்ளே போய் உயிலை எடுத்து வந்தாள். இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள். காலையில் தானும் இவளும் வக்கீலிடம் போவதாகவும், கையெழுத்தெல்லாம் அங்கேயே முடியும் என்றும், இவர் அந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அத்தை, இந்தத் தடவை நான் முழுசாப் படிச்சுப் பாக்கட்டுமா?”

“படிக்கிறவள்னு தெரிஞ்சுதானேடி உனக்கு எழுதறேன்” என்றாள் அத்தை.