தள்ளிவைத்த குவளை

பரணில் இருமல் சத்தம் கேட்டது.

வாழையிலையை விரித்துக்கொண்டிருந்த பூங்காவனம் அப்படியே நின்றாள். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கஜா பெராங் சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

"இன்னொரு தடவை இருமினீங்கன்னா, சயாமுக்கு நானே வண்டி ஏத்தி விட்டுடுவேன்," என்றாள் மேலே பார்த்து.

"தூசு லா. எலி வேற காது மேல ஓடுது." பலகை இடுக்கின் வழியே அவள் புருஷன் தியாகுவின் குரல் கசிந்து வந்தது. "ஏய் பூங்கா, என்ன வாசனை அது? கள்ளு மாதிரி மூக்கைத் துளைக்குதே!"

"உங்கப்பாவுக்குப் படைக்கிற எடத்துல கள்ளா? நாக்கு காஞ்சு போனவருக்கு எதை மோந்தாலும் கள்ளுதான். பேசாம படுங்க."

சயாம் ரயில் பாதை போட்டு முடிந்துவிட்டது என்றார்கள். ஜப்பான்காரன் கூலிக்கு ஆட்களைப் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. மலாக்காவில் லாரி நின்ற தெருக்களில் இளவட்டங்களைக் காணோம். போனவர்களில் திரும்பி வந்தவன் எவனும் இல்லை. தியாகு சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு, பூங்காவனம் அவனைப் படையல் அறையின் பரணில் ஏற்றியிருந்தாள். பரண் கதவின் தாழ்ப்பாள் அறைப் பக்கம் இருந்தது. அதைப் போட்டது அவள்தான். சோதனைக்கு வருகிறவன் தாழ்ப்பாளைப் பார்த்ததும், உள்ளே ஆள் இருக்கமாட்டான் என்று போய்விடுவான் அல்லவா? ஏணியைக் கொல்லையில் விறகுக்கு அடியில் புதைத்துவிட்டாள்.

இத்தனை ஆபத்தில் படையல் ஏன் என்று கேட்கலாம். அன்று போகி. செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற நாள். பார்ச்சு என்பார்கள். மாமனார் தம்பிராஜா இறந்த பிறகு வருகிற முதல் பார்ச்சு இது. இந்த வீட்டில் மட்டும் இலை விழவில்லை என்றால், கேள்வி கேட்க நூறு வாய் வரும். அந்தக் கேள்விகளில் ஒன்றாவது ஜப்பான்காரன் காதுக்குப் போகும்.

இலையில் மரவள்ளி கலந்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. கருவாட்டு சம்பல். ஒரு சுருட்டு. அதன் பக்கத்தில் மூன்று கண்ணாடிக் குவளைகள்.

வேறு எந்த வீட்டு இலையிலும் அந்த மூன்று குவளைகள் இருக்காது.

தம்பிராஜா பண்டார் ஹிலிரில் ஒரு வெள்ளைக்காரனின் ஒயின் கடையில் சுவை பார்க்கிறவராக இருந்தவர். கப்பலில் இறங்கும் பீப்பாய் எதுவானாலும் அவர் நாக்கைத் தாண்டித்தான் கடைக்குள் போகும். சுவை பார்த்துத் துப்பவேண்டிய மனிதர், ஒரு கட்டத்தில் துப்புவதை நிறுத்திவிட்டார். மனைவி படுத்த படுக்கையானபோது மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அதன் பிறகு ஒரு சொட்டு சாராயம் அந்த உதட்டில் படவில்லை.

ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? போதை வேண்டாம், ஒயின் வேண்டும் என்றது. புக்கிட் ரம்பாயிலிருந்து மருமகளாக வந்த பூங்காவனம் அதைச் செய்து பார்த்தாள்.

முதல் நாள் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் தம்பிராஜா முகத்தைச் சுளித்தார்.

"இது சர்பத்து, பூங்கா. பிள்ளைங்களுக்குக் குடு. ஒயின்லேருந்து போதையை எடுத்துட்டா அங்க ஒரு ஓட்டை விழும். அதைச் சர்க்கரை போட்டு அடைக்காதே. சிவப்புன்னா துவர்ப்பு வரணும், நாக்கைப் பிடிச்சு இழுக்கணும். வெள்ளைன்னா புளிப்பு, எச்சில் ஊறணும். நுரைக்கிறது இருக்கு பாரு, அது மூக்குல ஏறணும். குடுக்கிறதுக்கு முன்னாடி நீ ஒரு வாய் பாரு. தான் பாக்காததை அடுத்தவனுக்கு ஊத்தறவன் ஒயின்காரன் இல்லை."

அப்படித்தான் மூன்றும் பிறந்தன. சிவப்புக்கு நாவல்பழத் தோலோடு மங்குஸ்தான் ஓட்டைப் போட்டுக் கொதிக்கவைத்துத் தேயிலைச் சாறு சேர்ப்பாள். வெள்ளைக்குப் புளிச்சக்காயை இடித்து, இளநீர் விட்டு, சாதிக்காயின் சதைப்பழத்தில் ஒரு கீற்று. நுரைக்கிறதுக்கு இஞ்சியும் எலுமிச்சையும், மேலே கோலி சோடா. எந்தச் சாப்பாட்டுக்கு எது என்றுகூட மனிதர் பிரித்துவைத்திருந்தார். கருவாட்டுக்கு வெள்ளை. கறிக்குச் சிவப்பு. நல்ல சேதி வந்த நாளில் நுரைக்கிறது.

இந்த வருஷம் தேயிலை கிடைக்கவில்லை. மங்குஸ்தான் ஓட்டைக் கூடுதலாகப் போட்டாள். கசந்துவிடுமோ என்று பயந்து கூலா மலாக்கா வெல்லத்தை நாலு கட்டி உடைத்துப் போட்டு, போகிக்கு ஒரு வாரம் முன்னாடியே புட்டியில் அடைத்துவைத்தாள். மாமனார் இருந்திருந்தால் ஒரு வாய் பார்த்திருப்பாள். ஆனால் இது படையல். படைப்பதை, இறந்தவர் தொடுமுன் இருப்பவர் நாக்கில் வைக்கக் கூடாது. சம்பலில் உப்பைக்கூட அவள் பார்க்கவில்லை.

சிவப்புப் புட்டியின் தக்கையை இழுத்தாள். டப்பென்று தெறித்தது. விளிம்பில் சின்னதாக நுரை கட்டியது.

வெக்கை என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று குவளைகளையும் நடுவில் ஒரே வரிசையில் வைத்தாள். விளக்கை ஏற்றினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இனி உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும். சாப்பிடுகிறவர்கள் எழுந்து போவதற்கு அது மரியாதை.

திரும்பினாள். கூடத்தில் கருணாகரன் நின்றுகொண்டிருந்தான்.

ஜப்பானியப் போலீசின் மொழிபெயர்ப்பாளன். வெளுத்த சட்டை, கையில் கட்டிய பட்டை, இடுப்பில் துப்பாக்கி உறை. வாசலில் இரண்டு சிப்பாய்கள்.

"செருப்பைக் கழட்டிட்டேன் தங்கச்சி. பார்ச்சு வீடு பாரு, மரியாதை தெரிஞ்சவன் நான்."

"வாங்கய்யா."

"ஐயாவா? முன்னெல்லாம் அண்ணேன்னு கூப்பிடுவே." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தம்பிராஜா அண்ணன்கிட்ட ஒயின் கடையில எடுபிடியா இருந்தவன் நான். புட்டி கழுவினேன். இப்ப பாரு, மலாக்காவே என் வாயைப் பாக்குது. சரி, தியாகு எங்க?"

"சிங்கப்பூர்ல."

"சிங்கப்பூர்ல எங்க?"

"காயிதம் வரல."

"வராது. இங்கேருந்து இங்கயே யாரு காயிதம் போடுவா?" சிரித்தான். "இன்னிக்கி லாரியில ஒரு ஆள் குறையுது. அந்த எடத்துல நிக்கப்போறது தியாகுவா, வேற எவனாவதான்னு இந்த வீட்டை விட்டுப் போறப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கதவைத் திற."

"இலை போட்டிருக்கேன். மாமா சாப்பிடறார்."

அந்த ஒரு வார்த்தை அவனை உட்காரவைத்தது. எழுந்தவன் மறுபடி நாற்காலியில் சாய்ந்தான்.

"சாப்பிடட்டும். அண்ணன் சாப்பாட்டுல நான் எதுக்குக் கைவைக்கணும்? நீ தட்டற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

இருவரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. வெளிச்சம் மங்கிக் கூடம் சாம்பல் நிறமானது. இருமிவிடாதே, இருமிவிடாதே என்று பூங்காவனம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ம், போதும். தட்டு," என்றான் கருணாகரன்.

அவள் கையை உயர்த்தினாள்.

டொக். டொக். டொக்.

அவள் கை இன்னும் கதவைத் தொடவில்லை. சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

கருணாகரனின் உதடு மெல்லக் கோணியது. "அடடா. சிங்கப்பூர் இவ்ளோ கிட்டவா இருக்கு?"

துப்பாக்கியை உருவிக்கொண்டு அவளைத் தள்ளினான். கதவு படாரென்று திறந்தது.

அறையில் யாரும் இல்லை. விளக்குச் சுடர் ஆடாமல் நின்றது. பரண் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. கருணாகரன் அதை அண்ணாந்து பார்த்தான்.

"கீழேருந்து தாழ்ப்பாள். நல்ல மூளை. உள்ள இருக்கறவன் போட முடியாது, ஆனா பெண்டாட்டி போடலாம் இல்லே? தாழ்ப்பாள் போடறதுக்கு முன்னால எறங்கி வந்து அப்பன் குவளையிலயும் வாய் வச்சிருக்கான் பாரு!"

அவன் காட்டிய பக்கம் பார்த்தாள்.

வெள்ளைக் குவளை காலி. நுரைக்கிறதில் பாதி இல்லை. ததும்பத் ததும்ப அவள் ஊற்றியவை அவை. தியாகு ஏறிய பிறகு, தாழ்ப்பாள் போட்ட பிறகு ஊற்றியவை.

"ஏணி எங்கே? எடு!"

"ஏணி... இல்லைங்க..."

"அப்ப மேசையைப் போட்டு ஏறறேன்." மேசையை இழுக்கக் குனிந்தவன் சட்டென்று நின்றான். மூக்கு விடைத்தது.

"இது என்ன வாசனை?"

இலையின் அருகே மண்டியிட்டான். முகர்ந்தான். "சாராயம்! பொங்கிப் போன சாராயம்! எதுல வருது?"

பூங்காவனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தெறித்த தக்கை, நுரை, நாலு கட்டி வெல்லம். வெக்கையில் சாறு புளித்துச் சாராயமாகிவிட்டது. சத்தியம் செய்த மனிதரின் இலையில் சாராயத்தை வைத்திருக்கிறாள். ஒரு வாய் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் சிவப்புக் குவளை அவள் வைத்த இடத்தில் இல்லை.

அது வரிசையை விட்டு இலையின் இடது ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை. இலையின் நுனி கிழிக்கப்பட்டு, மூடிபோல அதன் வாய்மீது கிடந்தது.

கருணாகரனின் துப்பாக்கி பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. வேறு யாருடைய குரலிலோ கேட்டான்:

"இப்படி மூடிவைக்க உனக்கு யார் சொன்னது?"

"நான் வைக்கல."

"தியாகு சொன்னானா?"

"அவருக்கு என்ன தெரியும்? கடைப் பக்கமே மாமா அவரை விட்டதில்லை. இப்படி யாரும் மூடி நான் பாத்ததே இல்லையே!"

அது உண்மை. வீட்டில் அவர் ஒரு குவளையைக்கூடத் தள்ளிவைத்ததில்லை. அவள் ருசி பார்க்காமல் கொடுத்ததும் இல்லை.

"கெட்டுப்போன ஒயினை இடது பக்கம் தள்ளிவைப்பார்," என்றான் கருணாகரன். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. "காயிதம் கிழிச்சு மூடுவார். கடைக்குள்ள அவரும் நானும் மட்டுந்தான். மூடிவச்சா அது..." எச்சிலை விழுங்கினான். "அது எனக்கு. கொட்ட மனசு வராது அவருக்கு. 'கருணா, உன் பங்கு'ன்னு சொல்லுவார். நான் குடிச்சுக்குவேன்."

விளக்குச் சுடர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

"தியாகு இங்க இல்ல," என்றான் அவன் அவசரமாக. "இருந்தா இதைத்தான் மொதல்ல காலி பண்ணியிருப்பான். கள்ளுக்கடை வாசல்ல விடியவைக்கிற பய. இதைத் தொடாம வெள்ளையைக் குடிக்க அவனுக்குப் பைத்தியமா? இல்ல. அவன் இல்ல. தட்டினதும் அவன் இல்ல."

எழுந்து, இலைக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்தான். நிலைப்படி தடுக்கியது.

"அண்ணே, நான் வேலையா வந்தேன். உங்க பையனைத் தேடி இனிமே வரமாட்டேன். சிங்கப்பூர்ல செத்துட்டான்னே எழுதிடறேன். எனக்கு... எனக்கு இப்ப வேணாண்ணே."

செருப்பை மாட்டக்கூட இல்லை. சிப்பாய்களிடம் ஜப்பானிய மொழியில் எதையோ கத்தியபடி அவன் ஓடியது கேட்டது. லாரி கிளம்பியது. சத்தம் தேய்ந்தது.

பூங்காவனம் விறகைத் தள்ளி ஏணியை எடுத்து வந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். தலையெல்லாம் ஒட்டடையோடு தியாகு இறங்கினான். முகம் வெளிறிக் கிடந்தது.

"நீ எதுக்கு உள்ளேருந்து தட்டினே?" என்றான்.

"நான் கூடத்துல நின்னேன்."

"அப்ப... நாக்கைச் சப்புக்கொட்டினது யாரு? ரெண்டு தடவை சப்புக்கொட்டற சத்தம். அப்புறம் ச்சீன்னு ஒரு சத்தம். அப்பா மாதிரியே..." அவன் பார்வை இலைக்குத் தாவியது. பயத்தை மீறி மூக்கு வேலை செய்தது. "நான் சொன்னேன்ல, கள்ளு வாசனைன்னு! இந்தா, இந்தச் சிவப்பு..."

நீட்டிய கையை அவள் தட்டிவிட்டாள்.

"அது உங்க பங்கு இல்ல. அதுக்குப் பேர் போட்டாச்சு."

மூடிய இலைத்துண்டோடு குவளையைக் கொல்லைக்குக் கொண்டுபோய், வாசலில் கிடந்த அந்தச் செருப்புகளையும் எடுத்துப் போய், வாழையடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தாள். அடுப்பைத் திரும்ப மூட்டினாள். மிஞ்சிய நாவல்பழத்தைத் தோலோடு கசக்கினாள். மங்குஸ்தான் ஓட்டைப் போட்டாள். வெல்லக் கட்டியைத் தொடவில்லை.

கொதித்து ஆறியதும் கரண்டியில் ஒரு வாய் எடுத்தாள். படையலை நாக்கில் வைக்கக் கூடாது. கரண்டியை ஒருமுறை இறக்கினாள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள்.

நாக்கைப் பிடித்து இழுத்தது துவர்ப்பு. சரியாக இருந்தது.

புதுக் குவளையில் ஊற்றி நடுவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தியாகு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடத்து இருட்டில் நின்றான்.

"தட்டு பூங்கா. போதும்."

அவள் கையை உயர்த்தினாள். அதற்குள், கதவுக்கு அப்பால், ஒரு காலிக் குவளையைத் தரையில் வைக்கிற சத்தம் மெதுவாகக் கேட்டது.