முபாரக் குளோபலின் சர்வர் அறை

1.
இந்தக் கதை எனக்கு ஒரு கதவிலிருந்து கிடைத்தது. போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் ஒரு பாக்கு மண்டி. அதன் பின்கட்டுக் கதவில் ‘சர்வர் அறை, அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தது. உள்ளேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. நான் எழுதிய முதல் வரி இப்படி:

“2009. உலகமே சுருங்கிக்கொண்டிருந்த வேளையில், தொலைநோக்குள்ள தொழிலதிபர் முபாரக்...”

(வேண்டாம். இது முபாரக்குக்கு மட்டும் பிடிக்கும்.)

2.
மறுபடி. சுனாமியில் வேறொரு தீவான ஹட்பேயில் இருந்த பாக்குக் கிடங்கைப் பறிகொடுத்துத் திரும்பக் கட்டியவன் முபாரக். சிங்கப்பூர் பாக்கு வியாபாரி பக்தவத்சலத்தின் வருஷ ஆர்டர் கிடைத்தால்தான் இனி மண்டி. அவர் கேட்டது ஒன்றுதான்: ஹட்பே கிடங்கின் சரக்கு இருப்பு சிங்கப்பூரில் அவர் திரையில் உடனுக்குடன் தெரிய வேண்டும். முபாரக் மென்பொருள் வாங்கினான். பெயர்ப்பலகையில் ‘குளோபல்’ சேர்த்தான். ஆனால் மேகம் வந்தால் ஹட்பேயில் இன்டர்நெட் போய்விடும்.* ஆகவே கிடங்குக்காரர் ஜம்புலிங்கம் போனில் சொல்வார். முபாரக்கின் மனைவி லத்தீபா அந்தப் பின்கட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். சிங்கப்பூரில் எண் மாறும்.

* அந்தமானில் மேகம் எப்போது வராது என்று என்னைக் கேட்காதீர்கள்.

3.
லத்தீபாவை வாய்பேசாத பெண்ணாக எழுதிப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. பக்தவத்சலம் நேரில் பார்க்க வரும் நாள் காலை:

“சிங்கப்பூர்க்காரர் கிளம்புற வரைக்கும் சத்தமே வரக்கூடாது, லத்தீபா.”

“சர்வர்கிட்ட யாராவது இப்படிக் கெஞ்சுவாங்களா, மச்சான்?”

4.
பக்தவத்சலம் வந்தார். திரையைப் பார்த்துத் தலையாட்டினார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து:

“கித்னா போரா, ஜம்புலிங்கம் அண்ணே? ஸோர் ஸே போலோ!” (எத்தனை மூட்டை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று.)

தீவு விட்டுத் தீவு போனில் பேசும்போது கத்தாமல் பேச இங்கே யாருக்கும் வராது. எல்லாவற்றையும் யோசித்த முபாரக் இதை யோசிக்கவில்லை. (அவனும் கத்துகிறவன்தான்.)

திரையில் எண் மாறியது.

“உங்க சர்வர் இந்தி பேசுது, பாய்.”

“அது... லோக்கல் லாங்குவேஜ் சப்போர்ட், சார்.”

பக்தவத்சலம் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

5.
முதல் முடிவு: அவர் நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறார். (விளம்பரப் படம்.)

இரண்டாம் முடிவு: கோபித்துக்கொண்டு விமானம் ஏறுகிறார். (மழை. விமானம் ரத்து.)

இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: “எண்ணு இதுவரைக்கும் தப்பினதில்ல. சரி. இந்த சர்வருக்குக் காய்ச்சல் வந்தா?”

லத்தீபா ரிசீவரைக் கையால் பொத்தினாள். “நானும் அதைத்தான் ரொம்ப நாளா கேக்குறேன். சொல்லுங்க, மச்சான்.”

‘இன்னொரு ஆள் வைக்கிறேன்’ என்றால், குளோபல் என்பதே ஆள்தான் என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘அவளுக்குக் காய்ச்சல் வராது’ என்றால் இன்று வீட்டில் சோறு கிடையாது. முபாரக் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். ஹட்பேயில் ஜம்புலிங்கம் இன்னும் லைனில் நிற்கிறார்.