துரோகிகள் டப்பா

மனிதகுலத்தின் சுதந்திரம் ஈயத்தால் வார்க்கப்பட்டது.

ஜூனிப்பர் ஃப்ளாட் துப்பாக்கி கிளப்பின் வார்ப்புக் கொட்டகை வாசலில், ஆறடிப் பலகையில், அப்படித்தான் எழுதியிருக்கிறது. பலகையைச் சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கும் எட்டு ஆணிகளும் துத்தநாகம் பூசியவை. மழைக்குத் துருப்பிடிக்கக் கூடாதே என்று நான்தான் வாங்கிவந்தேன். நான் கிளப்பின் செயலாளர்.

வாசகம் எங்கள் தலைவர் ஆர்வில் டாக்கெட்டுடையது. கலிஃபோர்னியாவில் ஈயக் குண்டு வைத்து வேட்டையாடக் கூடாது என்று சட்டம் வந்த வருடம் அவரே தூரிகை பிடித்து எழுதினார். ஈயம் பட்டுச் செத்த மானின் குடலைத் தின்று ராட்சதக் கழுகுகள் செத்துப்போகின்றன என்று காரணம் சொன்னார்கள். அந்தக் கழுகை எங்கள் மாவட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அது எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஆர்வில் நம்பினார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஏப்ரல் கூட்டத்திலும் ஒரு சத்தியப் பிரமாணம் உண்டு. இருபத்து மூன்று பேரும் எழுந்து நிற்போம். வலது கை மேலே. இடது கை ஈயம் உருக்குகிற சட்டியின் விளிம்பில், ஆறின சட்டிதான். ஆர்வில் சொல்லச் சொல்ல நாங்களும் சொல்வோம்: "செம்பும் துத்தநாகமும் என் துப்பாக்கிக் குழாயில் ஏறாது." அது முடிந்ததும் பீன்ஸும் சோளரொட்டியும்.

செம்பு எதிரி என்பது புரியும். கடையில் பெட்டி போட்டு, அரசாங்கம் தலையாட்டி விற்பது அது. துத்தநாகத்தின் மேல் இருந்தது வேறு பகை. சக்கரம் ஆடாமல் ஓட டயர் விளிம்பில் மாட்டுகிற சின்ன எடைக்கட்டிகளைத்தான் நாங்கள் வாளி வாளியாக வாங்கி உருக்குவோம். முன்பெல்லாம் அவை ஈயம். இப்போது பாதி துத்தநாகம். ஈயத்தோடு தெரியாமல் நாலு துத்தநாகக் கட்டி விழுந்து உருகிவிட்டால் சட்டி முழுக்க ஓட்ஸ் கஞ்சி மாதிரித் திரிந்துவிடும். அதற்கப்புறம் அச்சில் ஊற்ற முடியாது. அதனால் வாளியைக் கொட்டி, ஒவ்வொரு கட்டியையும் வெட்டுக்குறட்டால் கடித்துப் பார்ப்போம். குறடு இறங்கினால் ஈயம். வழுக்கினால் துத்தநாகம். வழுக்கியதெல்லாம் மூலையில் இருந்த பழைய காபி டப்பாவுக்குப் போகும். டப்பாவின் மேல் ஆர்வில் கையெழுத்தில் "துரோகிகள்" என்று இருக்கும்.

அந்த டப்பாவைத்தான் வெர்னா லூமிஸ் ஒரு கிளப் கூட்டத்தில் கேட்டாள்.

வெர்னா எங்கள் ஊர்ப் பள்ளி பஸ்களின் மெக்கானிக். அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக எல்க் மான் வேட்டைச் சீட்டுக்கு விண்ணப்பம் போட்டு, அந்த வருடம் ஜூனில் குலுக்கலில் விழுந்திருந்தது. எல்க் சீட்டு ஆயுளில் ஒரு தரம் கிடைத்தால் அதிகம். அவளிடம் இருந்ததோ அப்பா விட்டுப்போன ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, வயதில் என்னைவிட மூத்தது. கடைச் செம்புத் தோட்டாவின் வேகத்தை அந்தக் குழாய் தாங்காது, வெடித்தால் முகம் போய்விடும் என்று துப்பாக்கி ரிப்பேர்க்காரன் சொல்லிவிட்டான். மெதுவாகப் போகிற மாதிரி அவளே செய்துகொள்கிற தோட்டாதான் அதற்கு ஆகும். செம்போ வீட்டுச் சட்டியில் உருகாது. அதில் ஈயம் வைத்தால் சீட்டும் போகும், மானும் போகும், துப்பாக்கியும் போகலாம்.

"வேற துப்பாக்கி கடன் வாங்கிக்கயேன்," என்றார் ஆர்வில். "என்னோடதைத் தரேன்."

"உன்னோடதுல சுட்டா அது உன் மான். இருபத்திரண்டு வருஷம் நின்னது நான்."

"அப்போ ஈயத்துல போடு. தைரியமா போடு. பிடிச்சா பிடிக்கட்டும். ஜெயில்ல நானே வந்து பாக்கறேன்."

"ஜெயிலுக்கு வருவ. மான் வருமா?"

கூட்டம் சிரித்தது. ஆர்வில் சிரிக்கவில்லை. "வெர்னா, விதி நாலு என்ன சொல்லுது? ஹாய்ட்டு, படி."

ஹாய்ட் நான்தான். படித்தேன். கொட்டகைக்குள் துத்தநாகம் உருக்குகிறவர் உறுப்பினர் அல்ல. எழுதியதும் நானே, கேட்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"சரி, கொட்டகைக்குள்ள உருக்கல," என்றாள் வெர்னா. "உங்க துரோகிங்க எல்லாரையும் எங்கிட்ட குடுங்க. எங்க வீட்டு ஷெட்ல வெச்சு விசாரிக்கிறேன்."

"துத்தநாகத்துல குண்டா? அது குண்டு இல்லம்மா, சட்டை பட்டன்."

"பட்டன்னாலும் என் பட்டன். சட்டமும் ஈயம் வேண்டாங்குது, நீங்களும் துத்தநாகம் வேண்டாங்குறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வீட்டுல உக்காரச் சொல்றீங்க. நான் உக்காரப் போறதில்ல யோவ்." டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பதினெட்டு பவுண்டு இருக்கும். கதவைத் திறந்துவிடக்கூட ஒருத்தரும் எழவில்லை.

அந்தக் கோடை முழுக்க எங்களுக்குப் பேச வேறு விஷயம் தேவைப்படவில்லை.

முதல் வாரம் அவள் வார்த்த குண்டுகளை நான் பார்த்தேன். காய்ந்த திராட்சை மாதிரிச் சுருங்கிக் கிடந்தன. ஈயம் அச்சுக்குள் தானாகப் போய் உட்காரும். துத்தநாகம் பாதி வழியிலேயே உறைந்து நின்றுகொள்ளும். சூடு போதவில்லை என்று கூட்டினாள். கூட்டியது ரொம்ப அதிகமாகி வெள்ளைப் புகை கிளம்பியது. அன்று சாயங்காலமே குளிர் ஜுரம் வந்து, ஆகஸ்ட் வெயிலில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தாள். நான் சூப் கொண்டுபோனேன்.

"ஆர்விலுக்குச் சொல்லாதே," என்றாள் பல் கிட்டிக்க.

சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் கிளப்பில் ஆர்வில் துத்தநாக விஷத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அதில் "எனக்கு நம்பகமான இடத்திலிருந்து தகவல்" என்று இரண்டு தடவை வந்தது.

ஜுரம் மறுநாளே விட்டது. அவள் ஷெட்டின் இரண்டு கதவையும் கழற்றி எறிந்துவிட்டு, பஸ் டிப்போவிலிருந்து ஒரு பழைய காற்றாடியைக் கொண்டுவந்து வைத்து, மறுபடி ஆரம்பித்தாள். சட்டியின் சூட்டைக் கூட்டுவதற்குப் பதில் இந்தத் தடவை அச்சைச் சூடாக்கினாள். குண்டு முழுசாக வந்தது. பளபளவென்று, கரண்டியால் தட்டினால் மணி அடித்தது. ஈயக் குண்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்குகூடச் சரியாக இல்லை. அது துத்தநாகத்தின் பிறவிக் குணம்.

அவள் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். நூறு கெஜத் தூரத்தில் ஆணியடித்த ஒரு தகரத் தட்டு; அதில் ஐந்துக்கு ஐந்து பட்டால்தான் மலையேறுவது. பட்டுக் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகிற மானுக்கு, அவள் எவ்வளவு காலம் வரிசையில் நின்றாள் என்பதெல்லாம் அக்கறை இல்லை. ஐந்து படாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றாள். வெர்னா சொன்னால் கிழிப்பாள்.

சுடுதளம் கிளப்புடையது. ஆனால் விதி நாலு உருக்குவதைத்தான் தடுக்கிறது, சுடுவதை அல்ல. எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை, எல்லோரும் இருக்கிற நேரம் பார்த்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்தில் இரண்டு. மற்ற மூன்றும் தட்டுக்குக் கீழே மண்ணில்.

"மண்புழு வேட்டைக்குச் சீட்டு வேணாம் வெர்னா," என்றார் ஆர்வில்.

அவள் துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுள்ளை உயர்த்திக்கொண்டாள். அடுத்த சனி, நாலு. ஐந்தாவது எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் வீட்டுக்குப் போய், அந்த வாரம் வார்த்த எல்லாவற்றையும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தாள். வெளியே வழுவழுவென்று இருந்ததில் பாதி, உள்ளே காற்றுக்குமிழோடு பொக்கு. எடை குறைந்ததையெல்லாம் திரும்பச் சட்டியில் போட்டாள். நூற்றுப்பத்தில் முப்பத்தொன்று தேறியது.

மூன்றாம் சனி. முதல் குண்டு, தட்டு டங் என்றது. இரண்டு. மூன்று. நாலாவதுக்கு யாரும் பீர் குடிக்கவில்லை. ஐந்தாவதில் தட்டு ஆணியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது.

அவள் எழுந்து தட்டை எடுத்துவந்து ஆர்விலின் மடியில் வைத்தாள். "பட்டன் ஓட்டை எண்ணிக்கோ."

"காத்து உன் பக்கம் அடிச்சுது," என்றார் ஆர்வில். சுடுதளத்துக் கொடி அசையவே இல்லை.

ஆனால் அவர் விடவில்லை. தட்டு வேறு, எல்க் வேறு என்றார். துத்தநாகம் பட்டு அந்த மிருகம் நாலு மைல் ஓடுவதை யாராவது சாட்சியாக இருந்து பார்த்து, கிளப் ஆவணத்தில் பதிய வேண்டும் என்றார். சாட்சி அவர். பதிய நான். எங்கள் இருவரிடமும் அதே பருவத்துச் சாதா மான் சீட்டு இருந்தது, துப்பாக்கியோடு போகத் தடையில்லை. எல்க்கை வெட்டி இறக்க நாலு கை வேண்டும், பாரம் இழுக்க வின்ச் வைத்த லாரி ஆர்விலிடம்தான் இருந்தது. அதனால் வெர்னாவும் சரி என்றாள்.

"வர்ற வழியெல்லாம் பேசக் கூடாது," என்றாள்.

"எனக்குப் பேச்சுச் சுதந்திரம் இருக்கு."

"மானுக்குக் காது இருக்கு யோவ்."

வேட்டைக்குப் போன இரண்டாம் நாள் காலை, புதர்க்காட்டு விளிம்பில், எழுபது கெஜத்தில் அது வந்து நின்றது. கிளை கிளையாகக் கொம்பு. வெர்னா ஒரு கட்டையில் துப்பாக்கியைச் சாய்த்தாள். வெகுநேரம் சுடவில்லை. ஆர்வில் என் காதில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது சத்தம் கேட்டது. எல்க் பதினோரு அடி எடுத்து வைத்துவிட்டு, முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் படுத்தது. நான் அடிகளை எண்ணினேன், பதிவதற்காக. நாலு மைலில் நிறையப் பாக்கி இருந்தது.

வெர்னா அதன் பக்கத்தில் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாள். ஆர்வில் வெகு தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கழுகைத் தேடினாரோ என்னவோ.

இறைச்சியை லாரியில் ஏற்றி மண்பாதை வாசலுக்கு வந்தபோது பச்சை வண்டி ஒன்று குறுக்கே நின்றது. வேட்டைத் துறை அதிகாரி, ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது, சட்டையில் இபார்ரா என்று பேர்.

"நல்ல மான் மேடம். சீட்டு? சரி. தோட்டா காட்டுங்க."

வெர்னா ஒன்றை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெட்டி எங்கே?"

"பெட்டி இல்ல. நான் பண்ணினது. துத்தநாகம்."

"துத்தநாகமா? நான் இதுவரைக்கும் பார்த்ததில்லையே. ஈயத்துக்கு மேல வெள்ளிப் பூச்சு பூசி ஏமாத்தினவங்களைப் பார்த்திருக்கேன். ஈயம்னா மானை நான் எடுத்துக்க வேண்டியிருக்கும் மேடம்."

"எடுத்துக்கறதுக்கு முன்னாடி வெட்டிப் பாரும்மா." வெர்னா பையிலிருந்து வெட்டுக்குறட்டை எடுத்துக் கொடுத்தாள். "எங்க வேணா வெட்டு. எல்லாத்தையும் வெட்டு. அதுல ஈயம் இருந்தா மானோட என்னையும் ஏத்திக்க."

இபார்ரா குண்டைக் குறட்டில் வைத்து அழுத்தினாள். வழுக்கியது. இன்னொன்று. வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது. குறடுதான் கையிலிருந்து எகிறியது.

இந்த இடத்தில் ஆர்வில் லாரியிலிருந்து இறங்கினார். தொண்டையைச் செருமினார். ஒரு பெண் தன் உழைப்பில் வார்த்த குண்டைச் சந்தேகிக்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமை இல்லை என்று ஆரம்பித்தார். அந்தப் பட்டன்களைப் பற்றி அப்படி யாரும் பேசியதில்லை. சுதந்திரம் வந்தது. முன்னோர்கள் வந்தார்கள். ஈயம் வந்து, பாதியில் திரும்பிப் போனது.

இபார்ரா முழுசும் பொறுமையாகக் கேட்டாள். வயர்லெஸ்ஸில் மேலிடத்தைக் கேட்டாள். துத்தநாகம் ஆகும், சோதனைக்கு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு விடு என்று பதில் வந்தது. ஒரு குண்டை உறையில் போட்டுப் பேர் எழுதினாள். "உங்க மான்தான் மேடம். எனக்கும் ஒரு நாள் வார்க்கக் கத்துக்குடுங்க."

வெர்னா அப்போதுதான் மூச்சு விட்டாள். "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கணும். அது முக்கியம்."

"சரி," என்று இபார்ரா ஆர்வில் பக்கம் திரும்பினாள். "சார், உங்க கிட்டயும் துப்பாக்கி இருக்கு. தோட்டா?"

ஆர்வில் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். லாரிக்குப் போனார், வந்தார். கையில் பழைய புகையிலை டப்பா. அவர் வருஷக் கணக்காகத் தோட்டா வைத்திருப்பது அதில்தான்; எங்களில் யாரும் உள்ளே பார்த்ததில்லை. இபார்ரா மூடியைத் திறந்தாள். உள்ளே கடையில் வாங்கின தோட்டாக்கள், பளிச்சென்ற செம்புக் குண்டோடு. அட்டைப் பெட்டியின் மேல்மூடியையும் கிழித்து மடித்து உள்ளேயே வைத்திருந்தார். அரசு ஒப்புதல் பெற்றது, ஈயமற்றது என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு சார். நன்றி."

வெர்னா ஆர்விலைப் பார்த்தாள். இடது கையை எடுத்து லாரியின் விளிம்பில் வைத்தாள், வலது கையை உயர்த்தினாள், அப்படியே நின்றாள். ஆர்வில் தன் பூட்ஸைப் பார்த்தார்.

இபார்ரா என் பக்கம் திரும்பினாள். என் பையில் இருந்ததும் அதே செம்புதான்.