ராசவள்ளிப் பொடியும் சோடா உப்பும்

கேக் மாஸ்டருக்குக் கை நீளம். திருடுகிற கை என்று நினைத்துவிட வேண்டாம், அடிக்கிற கை. பாலில் தண்ணீர் கலந்தவனை அடித்திருக்கிறார். கடை வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியவனை அடித்திருக்கிறார். ஒருமுறை ரொட்டி வெட்டும் மெஷினையே எட்டி உதைத்து, கால் விரல் வீங்கி ஒரு வாரம் நொண்டினார். அடித்து முடித்ததும் கோபம் வடிந்துவிடும். அடிபட்டவனை உட்காரவைத்து ஒரு துண்டு கேக்கும் டீயும் கொடுத்து அனுப்புவார். தான் நல்லவன் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்ததே இந்தக் கேக் துண்டுகளை வைத்துத்தான்.

அவர் கை ஓங்காத ஒரே ஆள் அவருடைய தங்கை. தாய் தகப்பன் போனபோது அவளுக்கு ஏழு வயது, இவருக்குப் பத்தொன்பது. தலை வாரிவிட்டதும் இவர்தான், காய்ச்சலில் கண்விழித்ததும் இவர்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். கிழங்கைச் சீவிக் காயவைத்து, அரைத்துப் பொடியாக விற்பது அவன் தொழில். குரலை உயர்த்தத் தெரியாத ஆள். அவன் பக்கத்தில் நின்று தங்கை சிரிப்பதைப் பார்த்தாலே மாஸ்டருக்கு வயிறு எரியும். 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று வாய் நிறையத்தான் கூப்பிடுவார். உள்ளே எரிவது வெளியே யாருக்குத் தெரியப்போகிறது?

அந்த வாரம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நூற்றைம்பது பேருக்குப் பிறந்தநாள் கேக், ஊதா நிறத்தில், சாயம் துளியும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் ஊதா நிற ராசவள்ளிக் கிழங்கின் பொடி இருக்கிறது, அதைப் போட்டால் நிறம் தானாக வரும் என்று சொன்னது தங்கைதான். மறுநாள் காலையில் மாப்பிள்ளை டப்பாவோடு வந்து நின்றான். பொடியை அப்படியே மாவில் கொட்டக் கூடாது, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மசித்த கிழங்கின் பதத்துக்கு வந்த பிறகு சேர்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். போகிற போக்கில், "சோடா உப்பு மட்டும் வேண்டாம் மச்சான்" என்றான்.

இருபத்தெட்டு வருடம் அடுப்பு முன்னால் வெந்தவருக்குக் கிழங்கு அரைக்கிறவன் பாடம் எடுக்கிறானாம். மாஸ்டர் தலையை ஆட்டிவைத்தார், காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைக்கு வந்த மாவு மூட்டைகளை இறக்கிக் கொடுக்க மாப்பிள்ளை பின்பக்கம் போனான். எந்த மாவு கலந்தாலும் கடைசியில் சோடா உப்புப் போடுவது மாஸ்டரின் பழக்கம். அன்றைக்கும் கை தன் பாட்டுக்குச் சோடா டப்பாவுக்குள் போய் மூன்று கரண்டி அள்ளிப் போட்டது. மாவு லேசாக நீலம் தட்டியது. வெந்தால் சரியாகிவிடும் என்று தட்டுகளை ஓவனுக்குள் தள்ளினார்.

வெளியே எடுத்தபோது கேக் பச்சையாக இருந்தது. பாசி பிடித்த தொட்டி மாதிரி ஒரு பச்சை. அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். மாட்டினான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் துள்ளிக் குதித்தது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வரும்போது ஒன்பது வருடத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கண்ட சாயத்தைப் பொடியில் கலந்து கொண்டுவந்து என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயா என்று மாஸ்டர் கேட்டார். மாப்பிள்ளை தட்டைக் குனிந்து பார்த்தான்.

"சோடா உப்பு போட்டீங்களா மச்சான்?"

கேட்டு வாய் மூடவில்லை, அறை விழுந்தது. அவன் மூக்குக்கண்ணாடி பறந்து போய் மாவு மூட்டைக்கு அடியில் விழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து ஓவன் கதவோடு சேர்த்து அழுத்தினார். துணி பொசுங்கியது, தோள் வெந்தது. குரல் உயர்த்தத் தெரியாதவன் அன்றைக்குத்தான் அலறினான். அப்போதும் மாஸ்டருக்குப் போதவில்லை. மாவு தேய்க்கிற உருட்டுக்கட்டையை எடுத்தார். அவன் தலையை மறைக்க வலது கையைத் தூக்கினான். கட்டை மணிக்கட்டில் இறங்கியது, எலும்பு முறிந்தது காதில் கேட்டது. கேட்ட பிறகும் மூன்று முறை ஓங்கினார். மூன்றும் அதே கையில் விழுந்தன. தரையில் சிந்திக் கிடந்த மாவு சிவப்பானது.

கடையில் கேக்குக்கு க்ரீம் போடுகிற அக்கா கத்திப் பார்த்தாள், பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தாள். கடைசியில் நாய்ச் சண்டையை விலக்குகிற மாதிரி ஒரு வாளித் தண்ணீரை மாஸ்டர் தலையில் கொட்டினாள். அவர் மூச்சு வாங்கி நின்ற இடைவெளியில், அடிபட்டவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மாஸ்டர் வழக்கம்போல ஒரு துண்டு கேக் வெட்டினார், டீ ஊற்றினார். கொடுப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை வந்தாள். அவள் உடுப்பில் மார்போடு ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக மேடைக்குப் போனாள். ஊறவைத்ததில் மீதி, நல்ல ஊதா நிறத்தில் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. ஒரு கப்பில் கொஞ்சம் எடுத்துச் சோடா உப்பைத் தூவிக் கலக்கினாள். அவர் கண்ணெதிரே அது பச்சையானது. இன்னொரு கப்பில் எலுமிச்சை பிழிந்தாள். அது ரோஸ் நிறமானது.

"மட்டமான சாயம்னா எதைப் போட்டாலும் அப்படியே நிக்கும்ண்ணே. கிழங்குதான் இப்படி மாறும்."

பிறகு ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னாள். மணிக்கட்டு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. இரண்டு விரல் மடங்கவில்லை, இனி மடங்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. தோளில் தோல் உரிந்துவிட்டது.

மாஸ்டருக்கு அந்த சோடா உப்பு பெரிய உதவியாக வந்து சேர்ந்தது. கை பழக்கத்தில் போட்டுவிட்டேன், மாப்பிள்ளை சொன்னதைக் கேட்காதது என் தப்பு, பாழாய்ப்போன சோடாவால் இப்படி ஆகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண்ணீரில் கலப்படம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அவர் அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"கேக் ஊதாவாவே வந்திருந்தா அவரை அடிச்சிருக்க மாட்டியா?"

மாஸ்டர் பச்சையான கப்பை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"எனக்குத் தெரியும்ண்ணே. கல்யாணத்தன்னிக்கே தெரியும். என்னைக்காவது ஒரு காரணம் உனக்குக் கிடைக்கும்னு பயந்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, மாவு பிசைகிற மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டானாம். இவருக்காக இல்லை, இவளுக்காக. தோள் எப்படி வெந்தது என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சந்தேகம் வந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். போலீஸ்காரர் வாசலில் நிற்கிறார்.

"நான் எதுவும் சொல்லல. நீயே உன் வாயால சொல்லு. சொல்லிட்டு ஜெயிலுக்குப் போனாலும் நான் வந்து பார்ப்பேன். சாப்பாடு கொண்டுவருவேன். நீ என் அண்ணன்."

போலீஸ்காரர் உள்ளே வந்தார். பச்சைக் கேக்கை ஒரு தரம் பார்த்தார், கழுவாத தரையைப் பார்த்தார், நோட்டை விரித்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். தங்கை சுவரோரம் நின்று அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும் பின்வாங்காத மாஸ்டர் தங்கையைப் பார்க்காமல் நோட்டையே பார்த்தார்.

"மெஷின்ல மாட்டிக்கிச்சு சார்."

எந்த மெஷின் என்று கேட்டார் போலீஸ்காரர். மாஸ்டர் மூலையில் நின்ற மாவு மெஷினைக் காட்டினார். தோளில் என்ன காயம் என்று கேட்டார். வலியில் தடுமாறி ஓவன் மேல் சாய்ந்துவிட்டார் என்றார் மாஸ்டர். பொய் அடுத்தடுத்துத் தங்குதடையில்லாமல் வந்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டு, இனி பார்த்து வேலை செய்யச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தங்கை அழவில்லை. மாவு மூட்டைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவிப் புருஷனின் கண்ணாடியை எடுத்தாள். ஒரு பக்கம் உடைந்திருந்தது. முந்தானையில் துடைத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் அவளை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே வாசல்வரை பின்னால் போனார். படியில் அவள் நின்று திரும்பினாள்.

"நான் வரேங்க மாஸ்டர்," என்றாள்.

தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் மட்டும்தான் அதுவரை கூப்பிட்டதில்லை.