அமிர்தம் இறங்கிக்கொண்டிருக்கும் மரம்

எனக்குச் சளி பிடித்திருந்தபோது, ஆவி பிடிக்க இலை பறித்து வருகிறேன் என்று வாசல் கற்பூர மரத்தில் ஏறிய என் மனைவி அமிர்தம், ஒன்பது வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். தினமும் ஐந்தடி இறங்குகிறாள். மரமும் தினமும் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடவே வளர்கிறது. கோத்தகிரிப் பக்கத்தில் இதை நல்ல வளர்ச்சி என்பார்கள்.

தப்பு என்னுடையதுதான். அன்று அடுப்பில் வெந்நீர் தயாராக இருந்தது. அவள் வருவதற்குள் ஆறிப்போனது. காய்ச்சிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. மரத்தடியில் ஊற்றினேன். அதற்குப் பிறகு மரம் வேறு தண்ணீரைத் தொடுவதில்லை. மழைகூட அதற்குப் பிடிக்காது. தினமும் காய்ச்சி, ஆறவிட்டு ஊற்றுகிறேன்.

அவள் பேசுவது கீழே வந்து சேர இப்போது பதினோரு நாளாகிறது. "குளிருதா?" என்று மேலே பார்த்துக் கேட்டுவிட்டு நான் துணி துவைப்பேன், ரேஷன் வாங்குவேன், முடி வெட்டிக்கொள்வேன். இருபத்திரண்டாம் நாள், "ஆமாங்க" என்று பதில் வரும். அதற்குள் வெயில் வந்திருக்கும். இருந்தாலும் நான் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா ஒருமுறை சொன்னார். "தண்ணிய நிறுத்துப்பா. மரம் நின்னுரும், அவ பாட்டுக்கு எறங்கிருவா."

நான்கு நாள் நிறுத்திப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பழுத்த இலைகள் உதிர்ந்தன. பதினைந்தாம் நாள் அமிர்தத்தின் குரல் வந்தது. "நிழலே இல்லைங்க. கண்ணு கூசுது." அதற்குள் நான் மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருந்தேன்.

சளியை மட்டும் நான் விடவில்லை. விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, துவட்டாமல் பனியில் நிற்பேன். சளி போய்விட்டால் அவள் பறித்த இலைக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் எதற்காக இறங்குவாள்?

போன செவ்வாய்க்கிழமை தூங்கி எழுந்தபோது மூக்கு திறந்திருந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக மரத்தின் வாசனை வந்தது. அவள் புடவை வாசனையும் அதுதான். வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு வழக்கம்போல வெந்நீர் வைத்து ஆறவிட்டேன். பாதியை மரத்தடியில் ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் நின்று, மீதியை என் காலில் ஊற்றிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டு ஓடு முழங்காலுக்குக் கீழே போனது. சாயங்காலம் தேயிலைத் தோட்டங்கள் பச்சைப் பாய்களாகத் தெரிந்தன. மறுநாள் எஸ்தர் அக்காவின் குரல் வந்தது. "இனிமே தண்ணி யாருப்பா காய்ச்சுறது?"

"நீங்கதான்க்கா" என்றேன். அது கீழே போய்ச் சேர இரண்டு நாளாகும்.

இன்னும் நான்கு நாள் பனியில் நனைந்தபடி வளர்ந்துகொண்டே போனேன். தலைக்கு மேலே கிளை அசைந்தது.

"தலையத் துவட்டுங்க" என்றாள் அமிர்தம். சொன்ன உடனே கேட்டது.